பூமியை நிறுத்த மறுத்த மச்சான்

பல் டாக்டருக்கும் அவருடைய மனைவியின் அண்ணனுக்கும் கார் நிறுத்தும் விஷயத்தில்தான் தகராறு ஆரம்பித்தது. மச்சான் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். கடைத்தெரு முனை வந்ததும் ஒரு கண்ணை மட்டும் மூடிக்கொண்டு இடம் கிடைக்க வேண்டிக்கொள்வார். இன்னொரு கண் வண்டி ஓட்டுவதற்கு. காலி இடம் தென்பட்டால், "பாத்தீங்களா மாப்பிள்ளை!" என்பார். தென்படாவிட்டால், மனசு ஒன்றிக் கேட்கவில்லை என்பார்.

"கிடைச்சா கடவுள் குடுத்தது. கிடைக்கலைன்னா நீங்க சரியாக் கேக்கல. எப்படிப் பாத்தாலும் பரீட்சையில கடவுள் பாஸ்!" என்று டாக்டர் எல்லார் முன்னாலும் கிண்டலடிப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையில் இதையே அவர் மறுபடியும் எடுத்தபோது, மச்சான் கையை உதறிவிட்டு நிமிர்ந்தார்.

"பூமி சுத்துதுன்னு சொல்றீங்களே, நீங்க பாத்தீங்களா?"

"படம் இருக்கு மச்சான்."

"படம் நானும்தான் மாட்டி வெச்சிருக்கேன்."

டாக்டரின் மகள் சிரித்ததில் தண்ணீர் புரையேறியது. மனைவி அவள் தலையில் தட்டினாள். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. யோசித்துப் பார்த்தால், பூமி சுற்றுவதை அவர் பார்த்ததே இல்லை. யாரோ சொன்னார்கள், பரீட்சையில் எழுதினார், மார்க் போட்டார்கள். அவ்வளவுதான்.

"காட்டறேன்" என்றார்.

நீளமான கம்பியில் கனமான குண்டைக் கட்டி ஆடவிட்டால் அது ஒரே கோட்டில்தான் போய்வரும். கீழே பூமி திரும்புவதால், அந்தக் கோடு மெல்ல மெல்லத் திரும்புவதுபோல நமக்குத் தெரியும். அவர்கள் ஊரில் அது வலப்பக்கம் திரும்ப வேண்டும். இதையெல்லாம் டாக்டர் ஒரு வாரம் படித்துத் தெரிந்துகொண்டார். அடுக்குமாடிக் கட்டடத்தின் மாடிப்படிக்கு நடுவே இருந்த கிணறு போன்ற இடைவெளி அதற்குத் தோதாக இருந்தது. உச்சியில் பீரோ, கட்டில் ஏற்றுவதற்கான இரும்புக் கொக்கி. அதிலிருந்து கம்பியை இறக்கி, மகள் பள்ளிக்கூடத்தில் எறியும் இரும்புக் குண்டைக் கட்டினார். குண்டின் அடியில் பல் நோண்டும் பழைய ஊசி. தரையில், பல் அச்சு எடுக்க வைத்திருந்த வெள்ளைப் பொடியைப் பரப்பினார். ஊசி அதில் கோடு போடும்.

பிறகு விதிகளை அறிவித்தார். செருப்பு போட்டு நடந்தால் அதிரும், கழற்றிவிட்டு வர வேண்டும். காற்று அடிக்கும், கதவைத் திறக்கக் கூடாது. பேசக் கூடாது. வெள்ளைப் பொடியை மிதிக்கவே கூடாது. குண்டைத் தொட அவருக்கு மட்டும்தான் அனுமதி.

"எங்கண்ணன் சாமி கும்பிடப் போற இடத்துல கூட இவ்வளவு கட்டுப்பாடு கிடையாதுங்க" என்றாள் மனைவி.

"உஷ்!" என்றார் டாக்டர்.

அவர் குண்டை இழுத்துப் பிடித்து விட்டார். வெறுங்காலோடு படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்து குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும் பார்த்தார்கள். குண்டு நல்ல பிள்ளையாகத்தான் ஆடியது. பிறகு ஒரு முட்டை வடிவம் போட்டது. பிறகு நிதானமாக, எல்லாருக்கும் நன்றாகத் தெரியும்படி, இடப்பக்கம் திரும்பியது.

"பூமி ரிவர்ஸ்ல போகுதா மாப்பிள்ளை?"

"காத்து" என்றார் டாக்டர். "அப்புறம், நான் விடும்போது கை லேசா தள்ளிடுச்சு. நான் சரியா..."

பாதியிலேயே வாயை மூடிக்கொண்டார். ஆனால் மச்சான் விடுவாரா?

"சொல்லுங்க, சொல்லுங்க. நீங்க சரியா விடலை. திரும்பினா அறிவியல், திரும்பலைன்னா உங்க கை. எப்படிப் பாத்தாலும் பூமி பாஸ்!"

மூன்று நாள் டாக்டர் மச்சானிடம் பேசவில்லை. க்ளினிக்கில் வாயைத் திறந்தபடி கிடந்தவர்களிடம்தான் பேசினார். அவர்களால் எதிர்த்துப் பேச முடியாது. நான்காம் நாள் மனைவியிடம், "கையால விடக் கூடாதாம். குண்டை நூலால இழுத்துக் கட்டி, நூலைக் கொளுத்தணுமாம். சரியா வர வரைக்கும் செஞ்சு பாக்கப்போறேன்" என்றார்.

"சரியா வர வரைக்கும்னா? உங்களுக்குப் பிடிச்ச மாதிரி திரும்பினதும் நிறுத்திடுவீங்க, அதானே? எங்கண்ணனும் இடம் கிடைக்கிற வரைக்கும்தான் தெருவைச் சுத்துது."

டாக்டருக்குச் சுருக்கென்றது.

"அப்ப மாமாவே கொளுத்தட்டும்" என்றாள் மகள். "ஒரே தடவை. எது வருதோ அதான்."

அந்த ஞாயிறு மச்சான் தீப்பெட்டியோடு நின்றார். டாக்டருக்கு இன்னும் கொஞ்சம் வீரம் வந்துவிட்டது.

"மச்சான், கொளுத்தறதுக்கு முன்னாடி நல்லா வேண்டிக்கங்க. குண்டு வலப்பக்கம் திரும்பவே கூடாதுன்னு மனசு ஒன்றிக் கேளுங்க."

மச்சான் கண்ணை மூடினார். இந்தத் தடவை இரண்டு கண்ணையும். உடனே திறந்துவிட்டார்.

"அப்படின்னா பூமி நிக்கணும்னு கேக்கச் சொல்றீங்களா?"

"ஆமா."

"நான் மாட்டேன்."

"ஏன், நம்பிக்கை இல்லையா?"

"இருக்கறதாலதான் பயமா இருக்கு மாப்பிள்ளை! ஓடற பஸ்ஸுல சட்டுனு பிரேக் போட்டாலே எல்லாரும் முன்னாடி வந்து விழறாங்க. பூமியே நின்னா? எத்தனை பேருக்கு க்ளெய்ம் குடுக்கறது? நம்ம கம்பெனி தாங்காது."

"அப்படின்னா பூமி சுத்துதுன்னு நீங்க ஒத்துக்கறீங்க!"

"சுத்தலைன்னு நான் எப்ப சொன்னேன்? நீங்க பாத்தீங்களான்னு தானே கேட்டேன். சாப்பிடும்போது கூட என்னைக் கிண்டல் பண்ணிக்கிட்டே இருந்தீங்க. அதான்."

எதுவுமே வேண்டிக்கொள்ளாமல் நூலைக் கொளுத்தினார். நூல் அறுந்தது. குண்டு வழுக்கிக்கொண்டு போவதுபோல நகர்ந்தது. நெடுநேரம் கழித்து, பொடியில் விழுந்த கோடுகள் வலப்பக்கம் மெதுவாக விரிந்திருந்தன, லேசாகத் திறந்த விசிறி மாதிரி. டாக்டரின் கண் கலங்கியது. மச்சான் கட்டடத்துத் தரையை இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதற்கப்புறம்தான் தொல்லை. மச்சான் பாலிசி எடுக்க வருகிறவர்களையெல்லாம் அழைத்துவந்து கோடுகளைக் காட்டினார். "செருப்பைக் கழட்டுங்க" என்று அதட்டினார். "நான் கொளுத்தின நூல்" என்றார். சந்தேகம் கேட்டவர்களை முறைத்தார்.

டாக்டருக்கோ நிம்மதி போய்விட்டது. முதல் தடவை இடப்பக்கம் தள்ளிய காற்று, இரண்டாம் தடவை வலப்பக்கம் தள்ளியிருந்தால்? ஒருநாள் க்ளினிக்கிலிருந்து மேஜை ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். மச்சான் கையை விரித்து வழியை மறித்தார்.

"எதுக்கு இது?"

"காத்தடிச்சாலும் இப்படித் திரும்புமான்னு பாக்கணும்."

"திரும்பினதை எல்லாரும் பாத்தாச்சே! இன்னும் என்ன சந்தேகம்? உங்களுக்கெல்லாம் எதுலயுமே நம்பிக்கை கிடையாதா?"

"அது என் குண்டு மச்சான்!"

"என் குண்டு" என்றாள் மகள். ஃபேனை வாங்கி, வயரைச் செருகி, சுவிட்சைப் போட்டுவிட்டாள்.

முதலில் கிளம்பியது குண்டல்ல, வெள்ளைப் பொடி. குடியிருப்போர் சங்கச் செயலாளர் இருமிக்கொண்டே படியிறங்கி வந்து பார்த்தபோது, சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி மூன்று பேர் நின்றிருந்தார்கள். யாருக்கு எந்தக் குரல் என்பதை வைத்துத்தான் ஆள் தெரிந்தது. வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார்.

மச்சான் கண்ணிமையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "எந்தப் பக்கம் திரும்பிச்சு?"

"தெரியல" என்றார் டாக்டர்.

"தெரியலையா? இவ்வளவு கூத்துக்கு அப்புறமுமா?"

"கோடு எதுவும் மிச்சமில்லையே."

மச்சான் துடைத்துவிட்டாற்போல் கிடந்த தரையைப் பார்த்தார். ஃபேனைப் பார்த்தார். அதன் முகத்தைத் திருப்பி, எட்டத்தில் நகர்த்தி வைத்தார்.

"இவ்வளவு கிட்ட வெச்சா எப்படித் தெரியும்? பொடியைக் கொண்டாங்க. இந்தத் தடவை சின்ன ஸ்பீடுல போடுவோம்."