முப்பத்துமூன்றில் பாடியவர்

டூகல் மெக்ராய் ஒருவருக்கு நன்றி சொல்ல நாற்பது வருடமாகக் காத்திருந்தார். அந்த ஆளின் பெயர் தெரியாது, முகம் தெரியாது, உயிரோடு இருக்கிறாரா என்பதும் தெரியாது. குரல் மட்டும் தெரியும். கூட்டத்தில் பின்னாலிருந்து இருமினால்கூடக் கண்டுபிடித்துவிடுவேன் என்று பெவனிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்.

பெவன், நியூசிலாந்தின் டனீடின் நகரில் அவரோடு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். டூகலுக்கு நண்பன் என்று சொல்லிக்கொள்ள மிச்சமிருந்த ஒரே ஆள். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் அவர் காரோடு வந்தபோது, டூகல் தூறலில் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"என்னடா, சட்டையெல்லாம் அயர்ன் பண்ணியிருக்க? எந்தக் கோர்ட்டுல கேஸு?"

"வாயை மூடிட்டு வண்டியை எடு."

"அந்தாளு வரலேன்னா?"

"வருவாரு. பேண்டுல இருந்த நாலு பேரும் வர்றாங்கன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கான்."

வெட் காலர்ஸ் என்று ஒரு குழு. இந்த ஊர்க்காரர்களுக்கே ஞாபகமில்லாத குழு. எண்பதுகளில் இங்கே தடுக்கி விழுந்தால் ஒரு பேண்டின் மேல்தான் விழ வேண்டும். ஹீட்டருக்குக் காசில்லாத மாணவர்கள் எல்லாம் கிதாரை வைத்துக் குளிர் காய்ந்தார்கள். வெட் காலர்ஸும் ஒரு சர்ச் கூடத்தை வாடகைக்குப் பிடித்து நாலே நாலு பாட்டைப் பதிவு செய்து, முந்நூறு இசைத்தட்டு போட்டு, உறையைக் கையாலேயே வரைந்து விற்றார்கள். உறையில் யார் பெயரும் இல்லை. பெயர் போடுவது பந்தா என்று நினைத்த காலம். முதல் பக்கத்துப் பாட்டு ஒன்று மாணவர் ரேடியோவில் இரண்டு வாரம் ஓடியது. பின்பக்கத்துக் கடைசிப் பாட்டை, பாடியவர்களின் அம்மாக்கள்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். டூகல் கேட்டார்.

அப்போது அவருக்கு இருபத்திரண்டு வயது. அப்பா செத்துப்போன வருடம். நிச்சயம் செய்திருந்த ஃபியோனா மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன வருடமும் அதுதான். செயின்ட் கிளேர் கடற்கரைக்குப் பக்கத்தில் ஈரம் சுவரேறிய ஒரு வாடகை அறை. பகலெல்லாம் இறைச்சித் தொழிற்சாலையில் ஆட்டுத் தோலோடு மல்லுக்கட்டுவார். அறைக்கு வந்தால் பேச நாதியில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிய அந்தத் தட்டில், கடைசிப் பாட்டு வந்ததும் ஓர் ஆண் குரல் மெல்லப் பேசுவதுபோலப் பாடும். ஆழமான குரல். அவசரமே இல்லாத குரல். கட்டிலின் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, 'பின்கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறேன், எப்போது வேண்டுமானாலும் வா' என்று சொல்லும்.

ஒரு நாள் சாயங்காலம், கடலுக்குள் இறங்கிவிடுவது என்று முடிவு செய்தே கோட்டை மாட்டினார். கடைசியாக ஒரு முறை கேட்டுவிடலாம் என்று பாட்டை வைத்தார். முடிந்ததும் இன்னொரு முறை வைத்தார். அப்படி வைத்து வைத்துக் கேட்டதில் பொழுது விடிந்து, வேலைக்குக் கிளம்ப நேரமாகிவிட்டது. போனார். அவ்வளவுதான் கதை. இதைப் பெவனிடம்கூடச் சொன்னதில்லை. எப்படிச் சொல்வது? கேட்டவன் இன்னும் கொஞ்சம் பீர் ஊற்றிக்கொள்வான்.

கச்சேரி நடந்த இசைத்தட்டுக் கடை, ஊர் நடுவிலிருக்கும் ஆக்டகன் சதுக்கத்துக்குக் கீழே ஒரு சந்தில் இருந்தது. பழைய தட்டை யாரோ மறுபடி வெளியிடுகிறார்கள் என்பதால் இந்தக் கச்சேரி. முப்பது நாற்பது பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேர் நரைத்தவர்கள், மீதிப் பேர் வழுக்கை. மேடையென்று போட்டிருந்த பலகையில் மூன்று ஆண்கள், வயரைச் சரிசெய்துகொண்டு ஒரு பெண். டூகல் ஆண்களை ஒவ்வொருவராக அளந்தார். பேஸ் கிதார் வைத்திருந்தவர்தான் நெட்டை, அகன்ற மார்பு. அவரேதான். நேராகப் போனார்.

"பின்பக்கக் கடைசிப் பாட்டு... அதைப் பாடினது நீங்கதானே?"

"நானா?" என்று அந்த மனிதர் கீச்சுக் குரலில் சிரித்தார். "நான் வாயைத் திறந்தா கடை காலியாயிடுமே. எல்லாப் பாட்டும் ரோவீனாதான். அதோ, அவங்க."

ஆள் மறந்துபோய்ச் சொல்கிறார் என்று டூகல் நினைத்துக்கொண்டார்.

வயரைச் சரிசெய்துகொண்டிருந்த பெண்மணி மைக்கைப் பிடித்தார். இரண்டு பாட்டு போனது. பிறகு அவர், "அடுத்தது 'பின்கதவு'. இதை நீங்க யாரும் கேட்டிருக்க மாட்டீங்க, தைரியமாத் தப்பு பண்ணலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ட்ரம்ஸ் தடதடவென்று ஓட, கிதார் அதைத் துரத்த, ரோவீனா துள்ளித் துள்ளிப் பாடினார். முன்வரிசையில் ஒரு கிழவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டே ஆடினார். பாட்டு எப்போது ஆரம்பிக்கும் என்று டூகல் காத்துக்கொண்டிருந்தார். அது முடிந்துவிட்டது.

கூட்டம் கொஞ்சம் கலைந்ததும், கையோடு கொண்டுவந்திருந்த தன் தட்டோடு ரோவீனாவின் முன்னால் போய் நின்றார்.

"ஐயோ, பழைய தட்டா! இது எங்கிட்டயே இல்லையே. வரைஞ்சது நான்தான், பாருங்க எவ்ளோ கேவலமா இருக்கு. யார் பேருக்குக் கையெழுத்துப் போட?"

"என் தட்டுல பாட்டு இப்படி இல்லைங்க. மெதுவா இருக்கும். ஒரு ஆம்பள பாடுவாரு."

ரோவீனா புரியாமல் பார்த்தார். கடைக்காரர் லெஸ் உறையை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, தொடையைத் தட்டிக்கொண்டார்.

"உறையில வேகம் போடாம விட்டுட்டாங்க! சார், இது நிமிஷத்துக்கு நாற்பத்தஞ்சு சுத்துல ஓடணும். பெருசா இருக்கேன்னு முப்பத்துமூணுல போட்டுட்டீங்க போல. மெதுவா ஓடினா பொம்பளக் குரலும் ஆம்பளக் குரலாயிடும். வேணும்னா பாருங்க."

லெஸ் கல்லாப் பக்கத்திலிருந்த ரெக்கார்டு பிளேயரில் தட்டை வைத்தார். முப்பத்துமூன்று. பின்பக்கக் கடைசிப் பாட்டில் முள் இறங்கியது. டூகலின் கட்டிலோரத்தில் உட்கார்ந்த அந்த மனிதர் கடை முழுக்கப் பாட ஆரம்பித்தார்.

"மாடு தூக்கத்துல முனகுற மாதிரி இருக்கு" என்றார் யாரோ. சிரிப்பு வெடித்தது. பெவனும் சேர்ந்து சிரித்தார். டூகலின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். நாற்பது வருடத்தில் அந்தக் குரலை வேறொருவர் கேட்பது இதுவே முதல் தடவை. அவர்கள் கேட்பதுபோலத் தானும் ஒரு கணம் கேட்டுவிட்டார் டூகல். மாடுதான். அவமானத்தில் காது சுட்டது.

"இது நானா?" என்றார் ரோவீனா. "பாவம், எவ்ளோ சோகமான ஆளு!"

"யாரை வரச் சொல்லிப் பாடினீங்க?"

"பூனையைங்க. எங்க வீட்டுல ஒண்ணு இருந்துச்சு, காணாமப் போயிடுச்சு. விளையாட்டா எழுதினது."

"வந்துச்சா?"

"வரலை."

லெஸ் வேகத்தை மாற்றக் கை நீட்டினார். "இப்பக் கேளுங்க சார், சரியான—"

டூகல் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். பஸ் ஓட்டிய கை, பிடி இறுகியது.

"விடுங்க. அவரு முடிக்கட்டும்."

சிலர் சங்கடப்பட்டு வெளியே நழுவினார்கள். பாட்டு தன் போக்கில், அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அந்த வாடகை அறையில் அன்றைக்கு இரண்டு பேர் இருந்ததாகத்தான் டூகல் இத்தனை காலமும் நம்பியிருந்தார். இருந்தது ஒருவர்தான். தன்னந்தனியாக, ஒரு பூனைப் பாட்டைத் தப்பான வேகத்தில் போட்டுக்கொண்டு, விடிய விடியத் தன்னைத் தானே பிடித்து வைத்திருந்த ஒரு பையன். அந்தத் தனிமை இப்போதுதான் முழுதாக உறைத்தது. நின்ற இடத்திலேயே அழுதார். துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

முள் கடைசி வளையத்தில் தட்டித் தட்டிச் சுற்றியது.

"ரொம்ப நன்றி" என்றார் டூகல்.

ரோவீனா பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவர் முழங்கையைத் தொட்டார். "எனக்கா?"

"இல்லைங்க" என்றார் டூகல். "அவருக்கு."