கோப்பில் இல்லாத தம்பி

தங்கமணிக்கு ரத்தம் கம்மி, அவ்வளவுதான் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள் மகள் துளசி. டாக்டர் ஆங்கிலத்தில் பேசுவார். துளசி தமிழில் சொல்வாள். ராவாங்கில் ஆபீஸ் வேலை பார்க்கிற பிள்ளை, அவளை நம்பாமல் வேறு யாரை நம்புவது? தங்கமணியும் ஆடு மாதிரி முருங்கைக்கீரை தின்று, மாதாமாதம் ரத்தம் ஏற்றிக்கொண்டு, புக்கிட் பெருந்துங் தொழிற்சாலைக்குப் போய் வந்தாள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் துளசி கார் நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தபோதே தங்கமணியின் நம்பர் வந்துவிட்டது. உள்ளே புதிய டாக்டர், மலாய்ப் பெண். தங்கமணிக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு.

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் ரத்தம் செய்கிறது, உங்களுக்கு அது ஒழுங்காகச் செய்யவில்லை என்றார் டாக்டர். முதிராத செல்கள் போன வருஷம் நூற்றுக்கு நாலு, இப்போது பன்னிரண்டு. இருபதைத் தொட்டால் ரத்தப் புற்றுநோய். கூடப் பிறந்தவர் மஜ்ஜை பொருந்தினால் மாற்றிப் பார்க்கலாம். அவர் கோப்பைப் புரட்டினார்.

"கூடப் பிறந்தவங்க யாருமில்லன்னு போன வருஷமே உங்க மகள் சொல்லியிருக்காங்க."

கலும்பாங்கில் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறான் தம்பி குமரவேல். அவன் மகன் ஷர்வினைக் கட்டமாட்டேன் என்று துளசி சொன்னபோது, முறையாவது மண்ணாங்கட்டியாவது என்று தம்பியை வாசலிலேயே வைத்துப் பேசி அனுப்பியவள் தங்கமணிதான். மூன்று வருஷமாகப் பேச்சில்லை.

துளசி மூச்சிரைக்க உள்ளே வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"ஏண்டி மறைச்ச?"

"மாமா சும்மா குடுப்பாராம்மா? உசிரக் குடுத்தேன், பொண்ணக் குடுன்னு வந்து நிப்பாரு. நீயும் தலையாட்டிடுவ. சீக்கிரம் முத்தாதுன்னு நெனச்சேன்லா."

நோயைக் கேட்டபோது வராத அழுகை இப்போது வந்தது. இவளுக்காகத் தம்பி உறவையே அறுத்துவிட்டவள் தலையாட்டுவாளாம்.

தங்கமணி கைப்பேசியை எடுத்தாள். அவள் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவாள்.

"தம்பி, எனக்கு ஒன்னு வேணும். பதிலுக்குத் துளசியக் கேக்காத."



"என்னக்கா பேசுற? ஷர்வினுக்குத்தான் தை மாசமே கல்யாணம் முடிஞ்சிருச்சே. பத்திரிகைய துளசி கையிலதான குடுத்தேன். நீ வருவன்னு உம் பேருல போட்ட நாற்காலி கடைசி வரைக்கும் காலியா கெடந்துச்சு. சொல்லு, எங்க வரணும்?"

"முன்னமே மறைச்சத அப்புறம் எப்படிம்மா சொல்றது?" என்றாள் துளசி.

"நீ வெளிய போய் உக்காரு," என்றாள் தங்கமணி. "டாக்டர்கிட்ட நானே பேசிக்கிறேன்."