கொச்சௌசேப்பு பாலம்

பாலம் கட்டி முடிந்து ஏழு மாதமாகியும் யாரும் அதன்மேல் நடக்கவில்லை. இரண்டு முனையிலும் மூங்கில் கட்டி அடைத்திருந்தார்கள். காரணம், பெயர். எங்கள் பஞ்சாயத்தில் இடதுசாரிகள் ஆறு பேர், காங்கிரஸ்காரர்கள் ஆறு பேர். பாலத்துக்குப் பெயராக வைக்க இரு தரப்புக்கும் ஆளுக்கொரு மறைந்த தலைவர் இருந்தார். அதுவரை கால்வாயைக் கடக்கப் பழைய தோணிதான். மே மாத மழையில் அது ஒருமுறை கவிழ்ந்து, மாதாகோயில் வேதபாட வகுப்புக்குப் போன நான்கு பிள்ளைகளைத் தலைமுடியைப் பிடித்து இழுத்துக் கரைசேர்த்தார்கள். அடுத்த திங்கட்கிழமை பள்ளி திறக்க இருந்தது.

பதின்மூன்றாவது உறுப்பினர் மேரிக்குட்டி சேச்சி, ஊருக்கே அக்கா. தையல்காரி, சுயேச்சை. நாற்காலி எதிர்க்கட்சிக்குப் போய்விடக் கூடாது என்று இரு தரப்பும் தனித்தனியாக யோசித்து அவரைத் தலைவராக்கியிருந்தன. நான் கூட்டக் குறிப்பு எழுதும் கிளார்க்.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் சேச்சி பருப்புவடையைக் கடித்தபடி சொன்னார்:

"பேரை நானே முடிவு பண்ணிட்டேன். கொச்சௌசேப்பு பாலம்."

கொச்சௌசேப்பு அவருடைய கணவர். உயிரோடு இருப்பவர். கள்ளுக்கடையிலிருந்து திரும்பும்போது அதே கால்வாயில் மூன்று முறை விழுந்தவர்.

காங்கிரஸ் வர்க்கி கண்ணாடியைக் கழற்றினார். "சேச்சி, அந்த ஆளு குடிச்சுட்டு விழுந்த இடமில்லையா அது?"

"அதனாலதான் வர்க்கிச்சா. அந்தக் கால்வாயோட ஆழம் அவரைவிட நல்லா யாருக்குத் தெரியும்? உங்க தலைவர் ஒருதரமாவது அதுல இறங்கினாரா?"

"இது பஞ்சாயத்தா, உங்க வீட்டு விவகாரமா?" என்றார் இடதுசாரித் தோழர் புருஷோத்தமன்.

"கல்வெட்டுக்குச் சொல்லியாச்சு தோழரே. திங்கட்கிழமை காலையில வந்துரும். பதிச்சிட்டுத் திறந்துக்கலாம்."

அப்படி ஒரு கல்வெட்டுக்கு உத்தரவு போவதென்றால் என் மேசை வழியாகத்தான் போக வேண்டும். எதுவும் போகவில்லை. சேச்சி என்னைப் பார்க்கவில்லை. பேசாமல் இருப்பது எனக்குப் பழக்கம். என் மனைவி அதை ஒரு குறையாகவே சொல்வாள். அன்றுதான் அதற்கு ஒரு பயன் கிடைத்தது.

எங்கள் ஊரில் எந்தத் தீர்மானம் வந்தாலும் ஒரு தரப்பு மறுப்புக் குறிப்பு எழுதிக் கொடுக்கும். இரங்கல் தீர்மானத்துக்குக்கூட ஒருமுறை வந்திருக்கிறது. அன்று இரண்டு தரப்பும் எழுதின. ஆறு பேர் ஜன்னலோரம், ஆறு பேர் பீரோவுக்குப் பக்கத்தில். கால் மணி நேரத்தில் இரண்டு தாள்கள் என் மேசைக்கு வந்தன.

"சத்தமா படிங்க சாரே," என்றார் சேச்சி.

படித்தேன். முதல் தாள்: பாலத்துக்கு எந்தப் பெயரும் வேண்டாம், கல்வெட்டு வருவதற்கு முன், ஞாயிற்றுக்கிழமையே திறக்க வேண்டும். இரண்டாவது தாளைப் பாதி படித்துவிட்டு நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க?"

"இதுவும் அதேதான் சேச்சி. 'வெட்கக்கேடு'ங்கிற ஒரு வார்த்தை மட்டும் கூடுதலா இருக்கு."

வர்க்கியும் புருஷோத்தமனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மற்றவர் காப்பி அடித்துவிட்டதாக இருவருக்கும் சந்தேகம்.

சேச்சி பெருமூச்சு விட்டார். "பன்னிரண்டு பேர் ஒரு பக்கம். நான் ஒத்தை ஆள். தோத்துட்டேன். ஒருமனதாத் திறக்கிறதுன்னு எழுதிக்கோங்க சாரே. அந்த வெட்கக்கேட்டை மட்டும் எடுத்துடுங்க."

"எங்க குறிப்புல இருந்து எதையும் எடுக்க முடியாது," என்றார் புருஷோத்தமன்.

"சரி, இருந்துட்டுப் போகட்டும்."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு கட்சிக்காரர்களும் ஆளுக்கொரு முனையில் மூங்கிலை அவிழ்த்தார்கள். முதலில் நடந்தது கொச்சௌசேப்பு. கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு, கண்கலங்க.

"உன் பேரு வேண்டாம்னு சொல்லி உன்னை அசிங்கப்படுத்திட்டாங்களேடா," என்றார் தோணிக்காரர்.

"போகட்டும். விழாம வந்தேன்ல."

பதிவேட்டில் பாலத்தின் பெயர் என்ற கட்டத்தை இன்றும் வெறுமையாகவே வைத்திருக்கிறேன். போன வாரம் வெளியூர்க்காரர் ஒருவர் வர்க்கியின் வீட்டுக்கு வழி கேட்டார். புருஷோத்தமன்தான் சொன்னார்:

"கொச்சௌசேப்பு பாலம் இறங்கி, வலது பக்கம்."