ஒன்பதா பத்தா

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டும் ராஜேஷுக்கு வீட்டுக்கடன் பற்றி அறிவு புகட்டியவர்கள் அத்தனை பேரும் அவன் வண்டியில் ஏறியவர்கள்தான். கொண்டை ஊசி வளைவில் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டும் ஆலோசனை சொன்னார்கள். ஏறி இறங்கும் வட்டி வேண்டாம், நிலையான வட்டியாகப் பார் என்று ஒரு வாத்தியார் சொன்னது மட்டும் அவன் மண்டையில் நின்றது. மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் வாரக்கணக்கில் வண்டி ஓடாது. அந்த நேரம் பார்த்துத் தவணையும் ஏறினால், வாடகை வீடு வாடகை வீடாகச் சுற்றியவன் முதன்முதலாக வாங்கும் வீடும் கையைவிட்டுப் போய்விடும்.

இரண்டு இடத்தில் விசாரித்தான். ஒரு வங்கியில் பத்து சதவீதம், ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில் ஒன்பது. இரண்டுமே நிலையான வட்டி என்றார்கள். பத்தைவிட ஒன்பது சின்னது என்று முடிவுக்கு வர அவனுக்கு ஒரு மாதம் பிடித்தது. அதையே, "நல்லா அலசிட்டேன்" என்று மனைவி சிவரஞ்சனியிடம் சொல்லிக்கொண்டான்.

கையெழுத்துப் போட இருவரும் ஃபைனான்ஸ் கம்பெனியின் மாடிக்குப் போனார்கள். அங்கே கடன் பிரிவைப் பார்க்கும் ராதிகா காகிதங்களை அடுக்கி வைத்திருந்தாள். ராஜேஷ், நாலும் தெரிந்தவனைப் போல ஒவ்வொரு பக்கத்தையும் தலையாட்டியபடியே புரட்டினான். ஒரு வரியும் ஏறவில்லை. பேனாவைத் திறந்த நேரத்தில் சிவரஞ்சனி கேட்டாள்.

"மேடம், இந்த ஒன்பது எதுவரைக்கும்ங்க?"

ராதிகா கொஞ்சம் தயங்கினாள். பக்கத்து மேசையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "மொத மூணு வருஷம்."

"அப்பறம்?"

"அப்ப மார்க்கெட்ல இன்னா வட்டியோ, அது."

கடன் பதினைந்து வருஷத்துக்கு. ராஜேஷ் பேனாவை மூடினான். பத்து சொன்ன வங்கியைப் பற்றியும், மழைக்காலத்தில் வண்டி ஓடாததைப் பற்றியும் அவளிடம் சொன்னான்.

வங்கியில் சொன்ன பத்து, கடைசித் தவணைவரை அதேதானா என்று விசாரித்தீர்களா என்று ராதிகா கேட்டாள். அவன் விசாரிக்கவில்லை. அவளே அந்த வங்கியில் யாருக்கோ போன் செய்து, தாழ்ந்த குரலில் பேசிவிட்டு வைத்தாள்.

"கடைசிவரைக்கும் பத்துதானாம். மழையில வருமானம் கம்மின்னு சொன்னீங்க. மாசாமாசம் ஒரே தொகைன்னா அதாங்க உங்களுக்கு சரிப்படும். இங்க இன்னும் பணம் எதுவும் கட்டல இல்ல? கிளம்புங்க."

படியில் இறங்கும்போது சிவரஞ்சனி, முன்னால் போனவனின் முதுகைப் பார்த்துச் சொன்னாள்: "நம்ம ஜீப்ல ஏறுறவங்க எல்லாம் எதுவரைக்கும் போவும்னு கேட்டுக்கினுதான் ஏறுறாங்க. நீங்க இன்னாத்த அலசினீங்க?"

ராஜேஷ் திரும்பினான். நல்லவேளை நீ வந்தே என்று சொல்ல வாயெடுத்தான், வந்தது என்னவோ, "டீ குடிக்கிறியா?" என்பதுதான். அவளுக்குப் புரிந்துவிட்டது. டீயோடு இரண்டு வடையும் சொன்னாள்.

வங்கியில் கடன் கிடைத்தது. பத்திரம் பதிந்த மறுநாள் ராஜேஷ் ஒரு பாட்டில் மலைத்தேனோடு ராதிகாவின் மாடியேறினான். மேசையில் வைத்துவிட்டு, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் காது மடலைச் சொறிந்தான்.

"ஐயோ, இதெல்லாம் எடுத்துக்கினு போங்க. கஸ்டமர்கிட்ட நாங்க எதுவும் வாங்கக்கூடாது."

"நான்தான் உங்க கஸ்டமர் இல்லீங்களே மேடம்," என்றான் ராஜேஷ். "நீங்கதானே வேணான்னு அனுப்பிட்டீங்க."

ராதிகா சிரித்துவிட்டாள். பாட்டிலைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, புது வீட்டில் எப்போது பால் காய்ச்சுகிறீர்கள் என்று கேட்டாள்.