எடை போடும் நாள்

பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை விட்டால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எனக்குத் திண்டாட்டம். மதியச் சாப்பாட்டைப் பள்ளியிலேயே முடித்துவிடும் மகள் இரண்டு மாதம் வீட்டில் இருப்பாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் என்றாலும் என் சம்பளத்தில் அரிசி, எண்ணெய் வாங்கலாமே தவிர, பழக்கடைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க முடியாது.

இந்த ஆண்டு சுகாதார நிலையத்தில் ஓர் அட்டை கொடுத்தார்கள். அதைக் காட்டினால் வாரம் ஒரு பை கிடைக்கும். கீரை, கேரட், தக்காளி, ஆரஞ்சு, முட்டை எல்லாம் இருக்கும். ஆனால் ஏழு வயதுப் பிள்ளை பதினெட்டு கிலோவுக்குக் கீழே இருந்தால்தான் அட்டை. என் மகள் பதினேழு கிலோ. மாதம் ஒருமுறை நிறுத்துப் பார்ப்பார்கள். பதினெட்டைத் தொட்டால் பெயரை அடித்துவிடுவார்கள். யார் மூளையில் உதித்த சட்டமோ, அந்த மகராசன் நன்றாக இருக்கட்டும்.

எனக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. விடுமுறையில் மகளையும் கூட்டிப்போவேன். எடை போடுவதற்கு முந்தின நாள், அழுக்குத்துணி மூட்டைகளை நிறுக்கும் தராசில் அவளை ஏற்றினேன். பதினெட்டு கிலோ, முந்நூறு கிராம்.

"ஏறிட்டேனாம்மா?" என்று குதித்தாள். கன்னம் லேசாக உப்பியிருந்தது. பெற்ற மனம் குளிர வேண்டிய நேரத்தில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது.

"ஏறக்கூடாதுடி. ஏறினா பை கிடைக்காது."

அன்று மதியத்தோடு சோற்றை நிறுத்தினேன். சாயங்காலம் அரை டம்ளர் பால், அவ்வளவுதான். மிச்சமிருந்த ஆரஞ்சை அலமாரி மேல் வைத்தேன். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரே ஒரு சுளைம்மா."

"நாளைக்கு எடை போட்டதும் முழுசா தரேன். இப்ப தொணதொணக்காதே."

காலையில் தண்ணீரைக்கூட அளந்துதான் கொடுத்தேன். சுகாதார நிலையத்து வாசலில் வரிசை வெயிலில் ஊர்ந்தது. என் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "தலை சுத்துதும்மா" என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம்தான், பொறு" என்றேன். அப்படிப்பட்ட கல்நெஞ்சுக்காரி நான்.

தராசு முள் பதினெட்டுக்குச் சற்று முன்னால் நின்றது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நர்ஸுக்கு முகம் சுருங்கியது.

"ஒரு மாசமா பை வாங்கறீங்க, ஒரு கிலோகூட ஏறலையே? பிள்ளைக்குத்தான் குடுக்கறீங்களா, இல்ல நீங்களே சாப்பிடறீங்களா?"

சுருக்கென்று தைத்தது. வேறு நாளாக இருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். அன்று முத்திரை குத்த அட்டையை நீட்டினேன்.

புதுப் பையோடு வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக முட்டையை வேகவைத்தேன். இரண்டு ஆரஞ்சை உரித்துச் சுளைகளைத் தட்டில் வைத்தேன்.

"சாப்பிடு ராஜாத்தி, எல்லாம் உனக்குத்தான்."

ஒரு சுளையைத் தின்றாள். தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"போதும்மா."

"ஏன்டி, பசிக்கலையா?"

"பசிக்குது. தின்னா ஏறிடுவேன்ல? அடுத்த மாசமும் நிறுப்பாங்களே."

"அதை அம்மா பாத்துக்கறேன், நீ தின்னு."

தலையை ஆட்டினாள். கெஞ்சினேன், அதட்டினேன், முட்டையைப் பிட்டு அவள் உதட்டருகே கொண்டுபோனேன். பல்லைக் கடித்துக்கொண்டு வாயை இறுக மூடிக்கொண்டாள். பிறந்த நாளிலிருந்து என் பேச்சை ஒன்றில்கூடக் கேட்காத பெண், இதை மட்டும் கேட்டுவிட்டாள்.