நெல் மூட்டைக்குள் மணியடித்த போன்

தஞ்சாவூர் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர்கள் போனை மடியில் வைத்துக்கொள்வதில்லை. வியர்வை குடித்தே போய்ச் சேர்ந்த போன்கள் அங்கே ஏராளம். அதனால் வேகனுக்குள் அடுக்கிய நெல் மூட்டைகளின் இடுக்கில் செருகிவிட்டு, கதவைச் சாத்துமுன் எடுத்துக்கொள்வார்கள். கலந்தர் அன்று மறந்துவிட்டார். நினைப்பெல்லாம் மகன் பாசித் மேல். முதல் தடவையாகத் துபாய் போயிருக்கிறான். விமான நிலையத்துக்குக் கம்பெனி ஆள் வந்தானா, பையன் நடுத்தெருவில் நிற்கிறானா, ஒரு தகவலும் இல்லை.

சீல் வைத்த பிறகுதான் மடியைத் தடவினார். கூட வேலை பார்க்கும் சிவசாமி தன் போனிலிருந்து அடித்தான். இருவரும் வேகன் வேகனாகக் காதை வைத்துக்கொண்டே போனார்கள். ஒன்றுக்குள்ளிருந்து மணி கேட்டது.

"நெல்லுக்குள்ள சொகுசாப் படுத்திருக்கு பாய். நம்மளவிடக் குடுத்து வச்சது."

குமாஸ்தா தியாகராசன் கையை விரித்துவிட்டார். "சீலை நான் அறுக்க முடியாது பாய். இஞ்சின் மாட்டியாச்சு. இனிமே தருமபுரியிலதான் பிரிப்பாங்க."

வண்டி நகர்ந்தது.

எத்தனையோ வண்டிக்கு ஏற்றி அனுப்பியவர், மறுமுனையில் இறக்குவது யாரென்று நினைத்ததே இல்லை. இப்போது அதே நினைப்பாக இருந்தது. அவர்களும் துண்டைத்தான் சும்மாடு கட்டுவார்களா? மேல் மூட்டையை முதலில் இழுப்பார்களா? அந்த ஆள் போனை எடுத்துப் பேசுவானா, அமுக்கிக்கொள்வானா?

மறுநாள் காலையிலிருந்து சிவசாமியின் போன் அவர் கையில்தான். மதியம் யாரோ எடுத்தார்கள்.

"யாருங்க?"

"தஞ்சாவூருங்க. மூட்டை ஏத்துன ஆளு. அந்தப் போன் என்னுது."

"நீங்கதானா அது? நான் மாதையன், இங்க இறக்குறவன். உங்க ஊரு மூட்டை ஏங்க இந்தக் கனம் கனக்குது?"

"மழையில நனைஞ்ச நெல்லுங்க." கலந்தருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "யாராச்சும் கூப்பிட்டாங்களா?"

"இப்பதான் உங்க பையன் பேசினாரு. எடுத்ததும் நீங்கன்னு நெனச்சு 'அத்தா'ன்னு கூப்பிட்டாரு. நான் வேற ஆளுன்னதும் அழுதுட்டாரு. ராவெல்லாம் அடிச்சும் நீங்க எடுக்கலயாம். உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டாரு."

"அவனைக் கூட்டிட்டுப் போக ஆள் வந்தாங்களாமா?"

"வந்து ரூம்ல விட்டாங்களாம். சோறு தின்னியா சாமின்னு கேட்டேன், தின்னுட்டாராம். புது நம்பர் வந்திருக்கு, சொல்லவா?"

"இருங்க." வேகனில் குறி போடும் சாக்கட்டியோடு கலந்தர் சிமெண்டுத் தரையில் குந்தினார். "ஒவ்வொண்ணா சொல்லுங்க மாதையன். நான் மெதுவாத்தான் எழுதுவேன்."