இடெல்லாவுக்கு முட்டுக்கொடுத்தவன்

எங்கள் படகுக்கு இடெல்லா என்று பெயர். அது என் மாமியார் பெயர். கல்யாணமான புதிதில், "அடுத்த படகுக்கு உன் பேருதான் வெர்னா" என்றான் என் புருஷன் வின்ஸ்லோ. அடுத்த படகு வரவே இல்லை. இங்கே மெய்ன் மாநிலக் கடற்கரையில் சிங்கி இறால் பிடிக்கிறவனுக்கு ஒரு படகின் கடனை அடைக்கவே ஆயுசு போதாது.

ஜனவரியில் இடெல்லாவைக் கடலிலிருந்து ஏற்றி எங்கள் வீட்டுப் பின்புறம் நிறுத்தினோம். படகின் முதுகெலும்பான ஏரா மரக்கட்டைகள்மேல் உட்கார்ந்திருக்கும். படகு சாயாமலிருக்க இரண்டு பக்கமும் மும்மூன்று இரும்பு முட்டு. இழுவை வண்டிக்கார டெல்மாண்ட், "முட்டுக்கு அடியில பலகை போட்டுரலாமா?" என்று கேட்டான்.

"தரை பாறையா உறைஞ்சு கெடக்கு, பலகை எதுக்கு? இந்தக் குளிர்ல மூக்கு விழுந்துரும், வீட்டுக்குப் போ" என்றான் என் வீட்டுக்காரன். நானும் பக்கத்தில்தான் நின்றேன். எனக்கும் அது சரியென்றே பட்டது.

ஏப்ரலில் பனி உருகியது. மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஊரில் பாதிப் பேர் இறால் கூண்டைக் கடலில் போட்டுவிட்டார்கள். வின்ஸ்லோவுக்குக் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டது போல அவசரம். அடியில் ஒட்டியிருந்த சிப்பியையும் பாசியையும் சுரண்டிக் கழுவியாகிவிட்டது. பழைய சிவப்புப் பெயிண்டைத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால்தான் புதுப் பெயிண்ட் பிடிக்கும். அது மட்டும்தான் பாக்கி.

"மூஞ்சிய மூடிக்க. அந்தத் தூசி விஷம்" என்றேன்.

"வருஷக்கணக்கா திங்கிறேன். செத்தா போயிட்டேன்?"

"காதையும் மூடு. ஏற்கெனவே பாதி செவிடு."

"நீ பேசுறது கேக்காதுன்னா சரி, மூடிக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே முகமூடியும் காதடைப்பும் மாட்டிக்கொண்டு, தேய்க்கும் மெஷினோடு படகுக்கு அடியில் புகுந்தான்.

நான் வலப்பக்கம் ஏணியில் நின்று, தண்ணீர் மட்டக் கோட்டுக்கு மேலே டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். கீழே மெஷின் இரைந்தது. சிவப்புத் தூசி படகின் இரண்டு பக்கமும் புகைந்து வந்தது. நடு முட்டுக்குப் பக்கத்தில் டேப் சரியாக ஒட்டவில்லை. குனிந்து அழுத்தினேன். முட்டின் தலைக்கும் படகுக்கும் நடுவே என் விரல்கள் போயின.

முதலில் எனக்கு ஒன்றுமே உறைக்கவில்லை. காலையில் அந்த இடத்தில் சுரண்டியின் நுனியை நுழைக்கப் பார்த்து முடியாமல் விட்டிருந்தேன். இப்போது கை முழுசாகப் போகிறது. முட்டு நகரவில்லை. அப்படியானால் படகு நகர்ந்திருக்கிறது.

ஏணியிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போய்ப் பார்த்தேன். நடு முட்டின் கால்கள் சேற்றுக்குள் முழங்கால்வரை இறங்கிவிட்டன. முன் முட்டு சாய ஆரம்பித்திருந்தது. அதன் காலைச் சுற்றிச் சேறு மெல்லக் கொப்பளித்தது. ஏழு டன் படகு. அதற்கடியில் என் புருஷன் மல்லாந்து படுத்துக்கொண்டு, பாட்டுவேறு பாடிக்கொண்டிருந்தான்.

"வின்ஸ்லோ! வெளிய வா!"

அவனுக்குக் கேட்கவில்லை. கேட்காதபடி மூடிவிட்டது நான்தான். உள்ளே புகுந்து காலைப் பிடித்து இழுக்கலாம் என்று நினைத்தேன். என் உடம்பு குனிய மறுத்தது. அவ்வளவு பயம். நல்லவேளை, மின்கயிறு, படகு சாயாத வலப்பக்கமாகத்தான் வெளியே வந்தது. ஓடிப்போய் அதைப் பிடுங்கினேன். மெஷின் நின்றது. நான் நினைத்தபடியே, திட்டிக்கொண்டே கயிற்றைத் தொடர்ந்து வலப்பக்கம் ஊர்ந்து வந்தான்.

"என்னடீ ஒனக்கு? இன்னும் ஒரு முழம்தான் பாக்கி."

 இடைவெளியைக் காட்டினேன். அவன் பார்த்தான், முகமூடியையும் காதடைப்பையும் கழற்றி எறிந்தான். அப்பாடா, பிழைத்தான் என்று நான் மூச்சுவிடுவதற்குள் ஓட ஆரம்பித்தான். வீட்டுப் பக்கம் ஓடவில்லை. படகைச் சுற்றி இடப்பக்கம் ஓடினான்.

நான் போய்ச் சேர்ந்தபோது, சாய்கிற படகில் முதுகைக் கொடுத்து, இரண்டு காலையும் சேற்றில் ஊன்றி நின்றான்.

"கொட்டகையில கனமான பலகை இருக்கு. எடுத்துட்டு வா. நான் புடிச்சிருக்கேன்."

"யோவ், அது ஏழு டன்னு. விட்டுட்டு வாய்யா."

"இந்த இடெல்லாவ எத்தன தடவ துறையில மோதாம ஒத்தக் கையால தள்ளியிருக்கேன்? போடி, சீக்கிரம்."

"அப்ப தண்ணி தாங்குச்சு. இப்ப யாரு தாங்குறா?"

"நான் விட்டா விழுந்துரும் வெர்னா. ஒடஞ்சா இந்த வருஷமே போச்சு."

அவனுடைய கண்ணைப் பார்த்தேன். அவன் உண்மையாகவே நம்பினான். அலையிலும் காற்றிலும் படகைக் கையாலும் தோளாலும் தள்ளியே பழகிய உடம்பு அது. பின்னால் சேறு ஒரு சத்தம் போட்டது, மாடு காலைப் பிடுங்குகிற மாதிரி. அவன், "ஹூம்" என்று இன்னும் பலமாக அழுத்தினான்.

கையைப் பிடித்து இழுத்தேன். அசைக்க முடியவில்லை. என்னைப்போல் இரண்டு மடங்கு ஆள். அழுதேன், கெட்ட வார்த்தை சொன்னேன். எதுவும் நடக்கவில்லை. பிறகு நான் என்ன நினைத்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. அவன் பக்கத்தில் போய் நின்று, நானும் முதுகைப் படகில் சாய்த்தேன்.

"நீ எதுக்கு இங்க வர்ற?"

"நீ புடிச்சா நானும் புடிக்கிறேன். ஒனக்கு அம்மான்னா எனக்கு மாமியார்தான?"

"வெளையாடாத. தள்ளிப் போ."

"போகல."

 படகு என் முதுகில் குளிர்ந்துகிடந்தது. அது மெல்ல, மிக மெல்ல, என்னை முன்னால் தள்ளுவது தெரிந்தது. நான் அழுத்துவதும் அழுத்தாததும் அதற்கு ஒன்றுதான். ஓடிவிடு என்று உடம்பு முழுக்கக் கத்தியது. நான் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் ஒரு தடவை படகை அண்ணாந்து பார்த்தான். ஒரு தடவை என்னைப் பார்த்தான்.

என் சட்டைக் காலரைப் பிடித்து ஒரே இழுப்பு. சேற்றில் விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, வேலிவரை என்னை இழுத்துக்கொண்டு போனான். முன் முட்டு பிடுங்கிக்கொண்டு பறந்தது. இடெல்லா அவசரமே இல்லாமல் சாய்ந்து, நாங்கள் நின்ற இடத்தின்மேல் படுத்தாள். தரை அதிர்ந்தது. பக்கப் பலகை பிளந்த சத்தம் எனக்குப் பல்லில் கேட்டது.

சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் வந்தார்கள். டெல்மாண்ட் வந்து பார்த்துவிட்டு, பலகையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை, நல்ல மனுஷன். எல்லாரும் போனபின் வாசற்படியில் உட்கார்ந்தோம். நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். 

அவன் விழுந்துகிடந்த படகைப் பார்த்தான்.

"நீ மட்டும் நடுவுல வராம இருந்திருந்தா, நான் படகச் சாயாம நிறுத்தியிருப்பேன்" என்றான்.

கிண்டலாக்கும் என்று திரும்பி அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை, இன்னும் அதையே நம்பினான். படகு விழுந்தபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை.